நாலு சக்கரமும் இழுக்கும் என்று சொன்ன கார்

தல்திகொர்கான்
12 டிசம்பர் 2018

சம்பந்தி பெகெஜான் அவர்களுக்கு,

உங்கள் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டம்மாவும் எடுப்பதில்லை. அதனால் காகிதத்தில் எழுதி, அல்மாத்திக்கு வேன் ஓட்டும் கைரோல்லாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

மோல்திருக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே கூட்டி வந்துவிட்டேன். உங்களுக்கு இரண்டு மாதமாக மருமகள். எனக்கு இருபத்தாறு வருஷமாக மகள்.

நேற்று அல்மாத்தி வந்தேன். உங்கள் வீட்டுக்கு இல்லை, கார் நிற்கிற பட்டறைக்கு. ஜாக்கியில் தூக்கச் சொல்லி நானே அடியில் படுத்துப் பார்த்தேன். அறுபத்துமூன்று வயதில், ஜில்லென்ற சிமெண்டுத் தரையில். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்டும் போகவில்லை. பின்சக்கரம் இரண்டும் சும்மா உருள்கிற சக்கரம். முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது. டிக்கி மூடியில் நாலுசக்கர இழுவை என்று பளபளக்கிற எழுத்து ஒட்டியிருக்கிறதே, அதை நகத்தால் நெம்பினேன். கையோடு வந்துவிட்டது. பின்னால் சந்தையில் விற்கிற ஒட்டு டேப்.

அக்டோபரில் கல்யாண மண்டபத்தில் நானூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்து என்ன சொன்னீர்கள்? "என் மருமகளுக்கு நான் குடுக்குறது நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. சைபீரியாவுக்கே ஓட்டிட்டுப் போனாலும் வழுக்காது!" எல்லோரும் கை தட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் தட்டினேன்.

அதை நம்பித்தான் அவள் இங்கிருந்து திரும்பும்போது உங்கள் வீட்டு மேட்டில், பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்த தெருவில் ஏறினாள். பாதி மேட்டில் முன்சக்கரம் சுற்றியது. கார் நின்றது. பிறகு பின்னோக்கி வழுக்கி, ஓட்டுநர் பக்கம் கம்பத்தில் மோதி, சாலையோர வாய்க்காலில் விழுந்தது. மருமகப்பிள்ளை தௌரேன் இன்றுவரை வந்து எட்டிப் பார்க்கவில்லை.

நீங்கள் இங்கே வரவேண்டும். என் மகள் முன்னால் உட்கார்ந்து, பொய் வண்டி கொடுத்தேன் என்று உங்கள் வாயால் சொல்லவேண்டும். அதுவரை அவள் அந்த வீட்டுக்குத் திரும்பமாட்டாள்.

துலெகென்


அல்மாத்தி
16 டிசம்பர் 2018

மதிப்புக்குரிய சம்பந்தி துலெகென் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்துக்காகவே நான் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

மருமகள் குணமாக நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். நான் அனுப்பிய பழக்கூடையையும், வீட்டில் செய்த குதிரைத் தொத்திறைச்சியையும் கைரோல்லா அப்படியே திருப்பிக் கொண்டு வந்து கொடுத்தார். "அவங்க வாசல்லயே வாங்க மாட்டேன்னுட்டாங்க, நான் என்ன பண்ண?" என்றார். ஒரு வேன்காரர் முன்னால் என்னை இப்படி நிறுத்தியதற்கு நன்றி.

காரைப் பற்றி. நீங்கள் முப்பத்தோரு வருஷம் சர்க்கரை ஆலை இயக்குநரின் கறுப்புக் காரை ஓட்டியவர். ஒரே கார், ஒரே சாலை, பின்னால் ஒரே ஆள். நான் இருபது வருஷமாக உயர்தரக் கார்களை ஜெர்மனியிலிருந்து இறக்கி விற்கிறவன். முன்சக்கர இழுவை என்றால் ஏழை வீட்டு வண்டி என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு எத்தனையோ சொகுசுக் கார்கள் முன்சக்கரத்தில்தான் ஓடுகின்றன. எஞ்சினின் பாரம் முழுக்க இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தரையின் நடுவில் மேடு இருக்காது, பின்னால் மூன்று பேர் கால் நீட்டி உட்காரலாம். புதுப் பனியில் உங்கள் பின்சக்கர வண்டி நின்ற இடத்திலேயே ஆட்டம் போடும்போது, முன்சக்கர வண்டி மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். இது பொதுவான விளக்கம். குறிப்பிட்ட அந்தக் கார் எந்த வகை என்பதை நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாலு சக்கரமும் இழுத்தாலும் பிரேக் பிடித்து நிறுத்தும்போது எல்லாக் காரும் ஒன்றுதான். ஓட்டுகிறவர் கையில் கவனம் இருக்கவேண்டும்.

புதுவருஷத்துக்குள் மருமகளை அனுப்பிவைத்தால் நல்லது. எங்கள் பக்கத்து உறவினர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பெகெஜான்


தல்திகொர்கான்
20 டிசம்பர் 2018

சம்பந்தி அவர்களுக்கு,

விசாரிக்கிறாராம்! இருபது வருஷம் கார் விற்றவர், தன் கையால் மருமகளுக்குக் கொடுத்த கார் எந்தச் சக்கரத்தில் ஓடுகிறது என்று விசாரிக்கிறாராம். ஏமாந்து வாங்கினேன் என்று சொன்னால் உங்கள் கடைக்கு ஆள் வரமாட்டான். தெரிந்தே கொடுத்தேன் என்று சொன்னால் உங்களைச் சபையில் உட்கார வைக்கமாட்டார்கள். அதனால்தான் இந்த விசாரணை.

நான் ஒரே கார் ஓட்டினவன்தான். பின்சக்கர வண்டி. முன்சக்கரம் திரும்ப மட்டும், பின்சக்கரம் தள்ள மட்டும், அவரவர் வேலை அவரவருக்கு. ஸ்டியரிங்கைத் தொட்டாலே சாலை கைக்குப் பேசும். மேட்டில் ஏறும்போது பாரம் தானாகப் பின்னால் சாயும், தள்ளுகிற சக்கரம் தரையைக் கவ்வும். வளைவில் வால் வீசும் என்பது உண்மைதான், வீசினால் பிடிக்கத் தெரிந்தவன் ஓட்டவேண்டும். உங்கள் முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு வேலை கொடுத்தால் மேட்டில் இரண்டையும் விட்டுவிடும். அதைத்தானே என் மகள் பார்த்தாள்.

"ஓட்டுகிறவர் கையில் கவனம்" என்று என்ன குத்தல்? அவளுக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பத்து வருஷத்தில் ஒரு கீறல் போட்டதில்லை.

நிச்சயத்தில் ஆட்டு வாலின் கொழுப்பையும் ஈரலையும் ஒரே தட்டில் வைத்து, என் கையால் உங்களுக்கும் உங்கள் கையால் எனக்கும் ஊட்டினோம். அதைத் தின்றவர்கள் பிரியக் கூடாது என்பார்கள். தின்றதைக் கக்கவும் முடியாமல் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

மோல்திர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. நேற்று அவள் அம்மாவிடம் பேசியது எனக்குக் கேட்டது. "தௌரேனுக்குத் தெரியும்மா. தெரியாம இருக்குமா? அவங்கப்பா வண்டி அது. தெரிஞ்சும் என்னை அதுல தனியா அனுப்பினாரு. இப்ப போன்கூட பண்ணல பாரு." நிச்சயத்தில் உங்கள் மனைவி அவள் காதில் போட்ட தோட்டை அவள் கழற்றிவிட்டாள். புதுவருஷம் கழிந்ததும் கைரோல்லாவிடம் கொடுத்து உங்களுக்கே அனுப்பப்போகிறாளாம். தோடு திரும்பினால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். அதற்குள் வந்து சேருங்கள்.

துலெகென்


அல்மாத்தி
24 டிசம்பர் 2018

சம்பந்தி,

மதிப்புக்குரிய என்பதை விட்டுவிட்டேன். காரணம் கீழே வருகிறது.

காரை வாய்க்காலிலிருந்து தூக்கிய ஆளை இன்றைக்குத்தான் பிடித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டிக்கி திறந்துக்கிச்சு அண்ணே. உள்ள ரெண்டு மூட்டை மணல். ஒவ்வொண்ணும் அம்பது கிலோ தேறும். தூக்கி வெளிய போடுறதுக்குள்ள இடுப்பு விட்டுப் போச்சு." சாக்கை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். நீங்கள் வேலை செய்த சர்க்கரை ஆலையின் பெயர் அச்சடித்த சாக்கு.

பனிக்காலத்தில் டிக்கியில் மணல் ஏற்றுவது யார்? பின்சக்கர வண்டிக்காரர்கள். தள்ளுகிற சக்கரத்தின் மேல் பாரம் வேண்டும் என்பதற்காக. முன்சக்கர வண்டியில் அதைச் செய்தால் என்ன ஆகும்? பின்னால் அமுங்கும், மூக்கு தூக்கும். இழுக்கிற சக்கரத்துக்குப் பாரம் குறையும். மேட்டில் கேட்கவே வேண்டாம். அந்தச் சக்கரம் சுற்றியது என்று என்னைக் குற்றம் சொன்னீர்களே, ஏன் சுற்றியது என்று இப்போது நான் கேட்கிறேன்.

பட்டறையில் அடியில் படுத்துப் பார்த்தேன், ஷாஃப்ட் இல்லை என்று பெருமையாக எழுதினீர்கள். அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் மூட்டைதான் உங்கள் மகளைக் கீழே தள்ளியது என்று. தெரிந்துகொண்டே பன்னிரண்டாம் தேதி எனக்கு அந்தக் கடிதம் எழுதினீர்கள். என்னை உங்கள் வீட்டுக்கு வந்து மண்டியிடச் சொன்னீர்கள்.

மருமகளுக்கு மூட்டை விஷயம் தெரியுமா, சம்பந்தி?

பெகெஜான்


தல்திகொர்கான்
29 டிசம்பர் 2018

பெகெஜான்,

தெரியாது. நான் சொல்லவில்லை.

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவள் கிளம்புகிற அன்றைக்கு வானொலியில் பனி என்றார்கள். அவள் சமையலறையில் அம்மாவோடு இருந்தாள். நான் வாசலில் நின்று அந்தக் காரைப் பார்த்தேன். நாலு சக்கரமும் இழுக்கும் என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. கல்யாணத்தன்றே நம்பவில்லை. கதவு மூடுகிற சத்தம், நீங்கள் சிரித்த சிரிப்பு, என்னவோ சரியில்லை என்று பட்டது. பட்டால் என்ன செய்யவேண்டும்? தௌரேனைக் கேட்டிருக்கலாம். உங்களைக் கூப்பிட்டு, "சம்பந்தி, அந்த வண்டி நெஜமா என்ன வண்டி?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சம்பந்தி கொடுத்த சீரை அவர் முகத்துக்கு நேராகச் சந்தேகப்படுவதா என்று நினைத்தேன். பெண்ணைக் கொடுத்தவன் வாயை அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும் என்று நினைத்தேன். மரியாதை பார்த்தேன்.

நாலு இல்லையென்றால் பின்சக்கரம்தான் என்று நானே முடிவு கட்டினேன். என் காலத்தில் பெரிய மனிதர்களின் கார் எல்லாம் பின்சக்கரம். அவ்வளவு நீளமான, அவ்வளவு விலையுயர்ந்த காரை யாராவது முன்சக்கரத்தில் செய்வான் என்று என் மூளைக்கு எட்டவேயில்லை. கொட்டகையிலிருந்து இரண்டு மூட்டையை இழுத்து வந்து டிக்கியில் ஏற்றினேன். அவளிடம் சொன்னால், "அப்பா, இது நாலு சக்கர வண்டிப்பா, மாமா சொன்னாரே" என்று சிரிப்பாள் என்று சொல்லாமல் ஏற்றினேன். ஏற்றிவிட்டு நிம்மதியாகக் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

ஆமாம், பட்டறையில் படுத்தபோதே தெரிந்துவிட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன். பட்டறைக்காரர், "என்ன பெரியவரே, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து உங்களுக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் மேல் கோபப்பட்டால்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

இதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அந்த எழுத்தை ஒட்டாமல் முன்சக்கர வண்டி என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் மணலைத் தொட்டிருக்கமாட்டேன். உங்கள் பொய்யும் என் மரியாதையும் சேர்ந்து அவளைத் தள்ளின. இரண்டில் உங்கள் பங்கு பெரியது. சாகிற வரைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

துலெகென்


அல்மாத்தி
3 ஜனவரி 2019

துலெகென்,

படித்தேன். உங்களை விட்டுவிடுகிறேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன், நீங்களே கண்டுபிடித்துப் பீற்றிக்கொள்ள வேண்டாம். கல்யாணத்துக்கென்று நாலுசக்கர இழுவைக் காரைத்தான் தனியாக நிறுத்தி வைத்திருந்தேன். வெள்ளை நிறம். பதினைந்து நாள் முன்னால் மேலிடத்து ஆள் ஒருவர் வந்து அதைத்தான் வேண்டும் என்று நின்றார். இல்லை என்று சொல்ல முடியாத ஆள். அதே நிறத்தில், அதே வடிவத்தில் முன்சக்கர வண்டி ஒன்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அந்த எழுத்து ஒன்றைத் தவிர. உறவினர் எல்லோரிடமும் முன்பே சொல்லியிருந்தேன். ஒட்டினேன். வெயில் வந்ததும் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தௌரேன் பல் டாக்டர், காரில் அவனுக்குத் தெரிந்தது பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்பதுதான். அவனுக்கு எதுவும் தெரியாது.

அவன் ஏன் உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டீர்கள். விபத்து நடந்த அன்று அவன், "எப்படிப்பா வழுக்கும்? நாலு சக்கர வண்டியாச்சே?" என்று என்னைக் கேட்டான். என் வாயில் வந்தது, "உன் பொண்டாட்டி போன்ல பேசிட்டே ஏறியிருக்கா, பார்த்தவங்க சொன்னாங்க" என்பதுதான். அப்படி யாரும் சொல்லவில்லை. யாரோடு பேசிக்கொண்டு வந்தாள் என்ற கேள்வி அன்றிலிருந்து அவனைத் தின்றுகொண்டிருக்கிறது. அவன் வாய் விட்டுக் கேட்கமாட்டான். வீட்டில் சாப்பிடுவதும் இல்லை.

ஆக, உங்கள் மகள் பிரிந்திருப்பதற்குக் காரணம் நீங்கள் மறைத்தது. என் மகன் பிரிந்திருப்பதற்குக் காரணம் நான் சொன்னது. ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் முதலில் மோல்திரிடம் மணலைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லிவிட்டேன் என்று எழுதுங்கள். பிறகு நான் தௌரேனிடம் போன் விஷயம் பொய் என்று சொல்கிறேன். நான் முதலில் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டு, நீங்கள் மறுநாள் வாயை மூடிக்கொண்டால் நான் மட்டும்தானே குற்றவாளி? உங்களை எனக்குத் தெரியும்.

தோட்டை அனுப்ப வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லுங்கள்.

பெகெஜான்


தல்திகொர்கான்
7 ஜனவரி 2019

பெகெஜான்,

நீங்கள் மூன்றாம் தேதி எழுதியது என் கைக்கு வரவில்லை. நான் குதிரைக்குத் தீவனம் வாங்கப் போயிருந்தேன். கதவைத் திறந்தது மோல்திர், கைத்தடி ஊன்றிக்கொண்டு. கைரோல்லா நல்ல மனதோடு, "உன் மாமனார் கடுதாசிம்மா, எப்பவும் அப்பாகிட்ட குடுப்பேன், நீயே வாங்கிக்க" என்று அவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் தனக்கு எழுதியது என்று நினைத்துப் பிரித்திருக்கிறாள்.

நான் வரும்போது மேஜை மேல் உங்கள் கடிதங்கள் மூன்றும் தேதிவாரியாக இருந்தன. மற்ற இரண்டையும் என் கோட்டுப் பையிலிருந்து எடுத்திருக்கிறாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, மணல் மூட்டை நீங்களா வெச்சீங்க?"

ஆமாம் என்றேன்.

"கால் ஒடஞ்சதுக்கு இல்லப்பா. ஒரு மாசமா நான் தௌரேனைத் திட்டிட்டு இருந்தேனே, நீங்க எதிர்லயே உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தீங்களே."

சாயங்காலம் கைரோல்லா திரும்பும் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். தோட்டைக் காதில் போட்டுக்கொண்டுதான் போனாள். கடிதங்களையும் எடுத்துப் போனாள். என் மனைவி அவளை வண்டி வரை கொண்டுபோய் விட்டாள், என்னை வரவேண்டாம் என்றாள். அதிலிருந்து மனைவியும் என்னோடு பேசுவதில்லை.

உங்கள் வீட்டுக்குத்தான் வந்திருப்பாள். வந்து சேர்ந்தாளா, கால் வீங்கியிருக்கிறதா, அதை மட்டும் எழுதுங்கள். உங்கள் மற்ற எந்த வார்த்தையும் எனக்கு வேண்டாம்.

துலெகென்


அல்மாத்தி
9 ஜனவரி 2019

துலெகென்,

வந்தாள். கால் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

மருமகள் மாமனார் வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து வணக்கம் சொல்வது நம் வழக்கம். இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாளும் அவள் அதைத் தவறவிட்டதில்லை. அன்று நேராக நின்று என் கண்ணைப் பார்த்தாள். "தௌரேன் எங்க?" என்றாள். மாமா என்றுகூடச் சொல்லவில்லை.

அவன் அறையிலிருந்து வந்தான். இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். அவள் என் கடிதங்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க அவன் படித்தான். பிறகு எழுந்து என் மேஜை இழுப்பறையைத் திறந்து உங்களுடையதை எடுத்து வந்து படித்தான். என் வீட்டில் என் இழுப்பறையை என் முன்னாலேயே திறந்தான். நான் தடுக்கவில்லை. என் கடைசிக் கடிதத்தில் போன் விஷயம் வந்தபோதே அவன் நிறுத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

என் மனைவி தேநீர் வைத்தாள். யாரும் தொடவில்லை. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். நாலுசக்கர வண்டி வேறொருவருக்குப் போனது, வெயில் வந்ததும் மாற்றித் தருவதாக இருந்தேன் என்று. தௌரேன், "அப்பா, போதும். எந்தச் சக்கரம் இழுத்துச்சுன்னு யாரும் கேக்கல" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பெட்டி கட்டினார்கள். என் கார்களில் எதையாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். சாவிகளைக் காட்டினேன். வேண்டாம் என்று வாடகைக் காரை வரவழைத்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். மோல்திர்தான் திரும்பினாள். "உங்களுக்கும் எங்க அப்பாவுக்கும் தெரியாத ஊருக்கு" என்றாள்.

உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். வந்திருந்தால் சொல்லுங்கள். நான் வரமாட்டேன், தொந்தரவு செய்யமாட்டேன். தௌரேன் மருத்துவமனையிலும் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். நீங்கள் எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

பெகெஜான்


தல்திகொர்கான்
13 ஜனவரி 2019

பெகெஜான்,

இங்கே வரவில்லை.

வந்திருந்தாலும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டேன், அது வேறு. ஆனால் வரவில்லை. இனி வரப்போவதில்லை என்று எனக்குப் படுகிறது, உங்களுக்கும் பட்டிருக்கும். அவள் அம்மாவுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறாள். யார் என்று நான் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லமாட்டாள்.

நீங்கள் பொய்யர். அதை இந்தக் கடிதத்திலும் எழுதிவிடுகிறேன், விட்டுப்போன மாதிரி இருக்கக் கூடாது. நான் கோழை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கால் வீங்கியிருந்தது என்று எழுதினீர்கள். அதை நாலைந்து தடவை படித்தேன். அவள் கைத்தடி இல்லாமல் நடந்தாளா, பெட்டியை யார் தூக்கினார்கள், மேல்கோட்டு போட்டிருந்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. அவளைக் கடைசியாகப் பார்த்த ஆள் நீங்கள்தான். எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

துலெகென்